வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளை

ஏ.எல். பெறுபேறு வந்த கையோடு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுப் படலையிலும் ஒரே கேள்விதான் வந்து நிற்கும். "பிள்ளை இப்ப எங்க படிக்கிறா?"

பம்பைமடு, அறிவியல் நகர், திருநெல்வேலி, மொறட்டுவ என்று பல்கலைக்கழகம் இருக்கிற ஓர் இடத்தைச் சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி. அடுத்த கதைக்குப் போய்விடுவார். "வீட்டில இருந்து கோடிங் படிக்கிறா" என்று சொல்லிப் பாருங்கள். "வீட்டிலயோ? ஆர் படிப்பிக்கிறது?" என்பார். இன்ரநெற் என்று சொன்னதும், இரக்கப்படுகிற ஒரு முகம் வரும். கெம்பஸ் கிடைக்காத பிள்ளையின் தாய் தகப்பனைச் சமாதானப்படுத்துகிற முகம் அது.

புரோகிராமிங்கைத் தானாகப் படிக்கலாமா, அதற்கு டிகிறி வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். நானும் தம்பியும் ஒரே வீட்டில் பிறந்து ஆளுக்கொரு வழியால் இந்த வேலைக்கு வந்தவர்கள். நான் வவுனியாவில் பட்டம் எடுத்தேன். அப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. 2021 ஓகஸ்டில்தான் தனிப் பல்கலைக்கழகமானது. தம்பிக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணாது. கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தே படித்தான். இன்றைக்கு இரண்டு பேருக்கும் கோட் எழுதித்தான் சீவியம். ஆகவே எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை. இந்தக் கேள்வியை வன்னியில் வைத்துக் கேட்கும்போது அதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

பட்டத்துக்கு எங்கள் சனம் கொடுக்கிற மதிப்பைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. 1970களின் தொடக்கத்தில், அனுமதிப் புள்ளிகளைச் சரிக்கட்டுகிற தரப்படுத்தல் முறை வந்ததிலிருந்து பல்கலைக்கழக அனுமதி தமிழர் வீடுகளில் அரசியலாகிவிட்டது. இப்போதும் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் இடங்கள் பிரிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் மாவட்டக் கோட்டாவைக் கோபத்தோடு பேசிய காலம் உண்டு. அதே கோட்டாவின் வழியாகத்தான் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து பிள்ளைகள் உள்ளே போனார்கள். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கும் அது உதவியது. இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, இடம்பெயர்ந்த கொட்டிலில் சோதனை எழுதிய பிள்ளைகளுக்குக் கிடைத்த வழி அது. 2009இல் கடைசி இடப்பெயர்வில் உடுப்புகளை விட்டுவிட்டு, எங்கள் ஓ.எல். சான்றிதழ்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தா. அப்படி நடந்த ஒரு தாயிடம் போய் "டிகிறி ஒரு பேப்பர்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தம்பி படித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அவன் முதலில் படித்தது ரச் போனில். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். தகவல் தொழினுட்பப் பாடத்தில் பாஸ்கல் என்ற புரோகிராமிங் மொழியைக் கொஞ்சம் படித்திருந்தான். பாய்ச்சற் கோட்டுப் படம் கீறத் தெரியும். அவ்வளவுதான் அவனிடம் இருந்த முதல். பிறகு கொழும்பில் இருந்து ஒரு பழைய லப்டொப் வாங்கிக் கொடுத்தேன். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற கணினியியல் அறிமுகப் பாடத்தை யூரியூப்பில் பார்த்தான். ஃபிறீகோட்காம்ப் தளத்தில் பயிற்சிகளைச் செய்தான். இரண்டும் இலவசம், ஆனால் இரண்டும் ஆங்கிலம். அவன் உண்மையில் பட்ட பாடு அந்த ஆங்கிலத்தோடுதான். ஒரு விளக்கத்தை நிறுத்தி நிறுத்தி, சொற்களைக் கொப்பியில் எழுதி, அகராதியில் பார்த்து, திரும்பக் கேட்பான். புரோகிராமிங் படிக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த முதல் வருடத்தில் பாதிக்கு மேல் அவன் படித்தது ஆங்கிலம்.

முதல் உருப்படியான வேலையாக இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்காரர் அமைப்புக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் செயலி ஒன்று செய்தான். கூட்டம் எப்போது, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணி திறக்கிறது, மானிய உரப் படிவத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் உறுப்பினர்களுக்குத் தமிழில் அறிவிக்கிற வேலை. செய்து முடித்து அனுப்பியதும் செலவு அவன் கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு வந்தது. ஆங்கில எழுத்தில் என்றால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்குள் 160 குறிகள் கொள்ளும். தமிழ் வந்தவுடன் அது 70 ஆகிவிடும். செய்தி 70ஐத் தாண்டினால் 67 67 ஆகத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் காசு எடுப்பார்கள். அதிலும் நாங்கள் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. கிளிநொச்சி எங்களுக்கு 5 எழுத்து. கணினியின் எழுத்துக் குறிமுறையான யூனிகோட்டில் கொம்பும் விசிறியும் குற்றும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 10. இதையெல்லாம் அவன் தானாகத் தேடிக் கண்டுபிடித்தான். பிறகு செயலாளரோடு இருந்து, ஒவ்வோர் அறிவித்தலையும் 70 குறிக்குள் அடங்கும்படி சுருக்கி எழுதிக் கொடுத்தான். என்னுடைய பட்டப்படிப்பில் இந்த விஷயம் எந்தப் பாடத்திலும் வரவில்லை. பாவிக்கிற ஆளுக்குப் பக்கத்தில் போய் இருந்து செய்தபடியால் அவனுக்கு அது அகப்பட்டது.

அதே செயலியில் இன்னொரு பிழை இருந்தது. இருந்தாற்போல் சில உறுப்பினர்களின் விபரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாற்றிய ரெலிபோன் இலக்கம் மாறாமல் இருக்கும். கட்டிய சந்தா கட்டாததாகக் காட்டும். பல இரவுகள் இதோடு கிடந்தான். "டேற்றா காணாமல் போகுது" என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தேடினாலும் சம்பந்தமில்லாத பதில்களே வந்தன. ஒரு நாள் எனக்குக் காட்டினான். செயலாளரும் பொருளாளரும் ஒரே உறுப்பினரின் பக்கத்தை ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். செயலாளர் இலக்கத்தை மாற்றிச் சேமிக்கிறார். பழைய இலக்கத்தோடு திறந்து வைத்திருந்த பொருளாளர், பிறகு சந்தாவைப் பதிந்து முழுப்பக்கத்தையும் சேமிக்கிறார். முதல் மாற்றம் அழிந்துபோகிறது.

தரவுத்தளப் பாடத்தில் இதற்கு லொஸ்ற் அப்டேற் என்று பெயர். ட்ரான்சாக்ஷன் (சேர்த்துச் செய்ய வேண்டியதை ஒரே தொகுதியாகச் செய்வது), லொக் (ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தடுப்பது) என்று அதற்கான மருந்துகளும் பெயரோடு இருக்கின்றன. பெயரைச் சொன்னேன். அன்று இரவே தேடி, வாசித்து, திருத்திவிட்டான். இதில் எனக்குப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. லொஸ்ற் அப்டேற்றைப் பரீட்சைத்தாளில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

பல்கலைக்கழகப் படிப்பு எனக்குத் தந்ததில் பெரியது எது என்று பிறகு யோசித்தபோது இதுதான் தெரிந்தது. விரும்பாததையும் படிக்க வைத்தார்கள். இயங்குதளம், தரவுக் கட்டமைப்பு, கணிதத் தருக்கம் என்று அப்போது எதற்கு என்று விளங்காதவற்றுக்கெல்லாம் பெயர் தெரிந்துகொண்டேன். பெயர் தெரிந்தால் தேடலாம். தானாகப் படிக்கிறவர் தனக்கு வேண்டியதைத்தான் படிப்பார். வேண்டும் என்றே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? தம்பி காசுக் கணக்கைப் 0.1 போலப் புள்ளி வைத்த பதின்ம எண்களில் வைத்திருந்தான். கணினி இரும எண்ணில் கணக்குச் செய்வதால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஆகவே காசைச் சதத்தில் முழு எண்ணாக வைக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. நெல் விற்ற காசில் ஒரு சதம் பிசகினாலும் கமக்காரன் கேள்வி கேட்பான். கேட்கத்தானே வேண்டும்.

எனவே பாடத்தைப் பொறுத்தவரை என் முடிவு இவ்வளவுதான்: தானாகப் படிக்கிறவருக்கும் பாடத்திட்டம் ஒன்று வேண்டும். நல்ல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்கள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம் 2001இலேயே தன் பாடங்களை இலவசமாகப் போடப்போவதாக அறிவித்தது. எங்கள் மொறட்டுவப் பல்கலைக்கழகமும் பைதன் என்ற புரோகிராமிங் மொழியிலிருந்து தொடங்கும் இலவச இணையவழிப் பாடங்களைச் சான்றிதழோடு நடத்துகிறது. அந்த வரிசையைப் பின்பற்றினால், பெயர் தெரியாத குறையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

ஆனால் வன்னியில் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் பாடம் கிடைக்காமல் விட்டவர்கள் அல்லர்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருக்கிறா. தம்பியைவிடக் கெட்டிக்காரி. இதை அவனே சொல்வான். அப்பா இல்லை. அம்மா விடியப்புறத்தில் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போவா. பத்து மணிக்கு லப்டொப்பைத் திறந்தால் பத்தரைக்கு அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வந்து இருந்தால், ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) படிவம் கொண்டுபோகச் சொல்லிச் சித்தி வருவா. மாடு பக்கத்து வளவுக்குள் போய்விட்டது என்று யாராவது கூப்பிடுவார்கள். தம்பிமார் பள்ளிக்கூடத்தால் வரச் சோறு வேண்டும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை வீட்டில்தானே நிற்கிறா என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குள் சம்பந்தமும் பேசி வந்தார்கள். "பிள்ளை சும்மாதானே இருக்கிறா, நல்ல இடம், யோசியுங்கோ."

ஒரு நாள் என்னிடம் சொன்னா: "அக்கா, எனக்குப் படிக்க ஏலாமல் இல்லை. என்னை ஒரு இடத்தில இருக்க விடுகினமில்லை."

நான் வவுனியாவில் படித்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். அம்மம்மா அப்போதும் கிளினிக்குக்குப் போனா. மாடு அப்போதும் பக்கத்து வளவுக்குள் போனது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் கெம்பஸில் நின்றேன். சம்பந்தம் பேசி வந்தவர்களிடம் "படிப்பு முடியட்டும்" என்று அம்மா ஒரு வசனம் சொன்னா. மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்கள். நாலு வருடம் ஒரு பெண்பிள்ளை உழைக்காமல், கலியாணம் கட்டாமல், சமைக்காமல், மற்றப் பிள்ளைகளோடு இரவிரவாக இருந்து விளங்காததை விளங்கப்படுத்திப் படிக்கலாம் என்று முழு ஊரும் ஒத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் பட்டம் தருகிற மிகப் பெரிய கொடை அந்த ஒத்துக்கொள்ளல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேப்பர் கடைசி நாளில்தான் கைக்கு வரும். நேரம் முதல் நாளிலேயே கிடைத்துவிடும்.

ஆண்பிள்ளைக்கு இது கொஞ்சம் வேறு விதம். தம்பியைச் சமைக்கக் கூப்பிடவில்லை. ஆனால் "உழைக்கிற வயசில போனை நோண்டிக்கொண்டிருக்கிறான்" என்று கேட்டுக் கேட்டு ஒரு காலபோகம் முழுக்க வயல் கூலிக்குப் போனான். பிறகு மேசன் வேலைக்குக் கையாளாகப் போனான். படிப்பு இரவுக்குத் தள்ளிப்போனது. அவன் விடாமல் நின்றதற்கு அவனுடைய பிடிவாதம் ஒரு காரணம். அக்கா ஒருத்தி கொழும்பில் உழைத்துக்கொண்டிருந்தாள் என்பது மற்றக் காரணம். எல்லா வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. தானாகப் படித்து முன்னேறியவர்களின் கதைகளைச் சொல்லும்போது, அந்த நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தத் தங்கச்சி கடைசியில் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தா. அது 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். படிக்கிற முறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அதே லப்டொப், அதே மேசை, அதே யூரியூப். ஆனால் "சோதனை இருக்கு" என்று சொல்ல ஒரு திகதி வந்தது. அம்மம்மாவுக்குச் சொல்ல "கொழும்பு யூனிவர்சிற்றி" என்ற பெயர் வந்தது. காலைவேளையில் கூப்பிடுவது குறைந்தது. இப்போது சித்தியே வேறு ஆட்களிடம் "பிள்ளை படிக்கிறா, குழப்பாதேங்கோ" என்று சொல்லுவதைக் கேட்டேன்.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தில் பட்டதாரி உத்தியோகம், பட்டதாரி ஆசிரியர் நியமனம் என்றால் பட்டத்தைக் கேட்பார்கள், அதில் நெளிவு சுளிவு இல்லை. பட்டம் எடுத்தால் அந்த வேலை வந்துவிடும் என்பதும் இல்லை; 2017இல் வடக்கில் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் இருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். வெளிநாடு போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது விசா. ஜப்பானின் பொறியியலாளர் விசாவுக்குப் பொதுவாகப் பட்டம் அல்லது 10 வருட அனுபவம் வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் ஒரு வருடப் படிப்புக்கு ஈடாக 3 வருட அனுபவத்தைக் கணக்கிடுவார்கள். மென்பொருள் கொம்பனிகள் அநேகமாகப் பரீட்சை வைத்து, செய்த வேலையைப் பார்த்து எடுக்கின்றன. ஆனால் முதல் வேலைக்கான விண்ணப்பங்களை வடிகட்டும்போது பட்டம் இல்லாதவர் பின்னுக்குத் தள்ளுப்படுவது உண்டு. தம்பியை உள்ளே விட்டது அந்த எஸ்.எம்.எஸ். செயலிதான். இதுவும் இல்லை அதுவும் இல்லை என்று நிற்கிறவர்களுக்கு இடைவழி ஒன்றும் இருக்கிறது. அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமை முறையில் படிக்கலாம். 5ஆம் மட்டம் டிப்ளோமா, 6ஆம் மட்டம் உயர் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமன். கிளிநொச்சிப் பெற்றோர் அதைத் தச்சு, மோட்டார் வேலைக்கான இடம் என்று மட்டும் நினைத்துக் கடந்து போவது எனக்குக் கவலை.

2022 நவம்பரில் சற்ஜிபிரி வந்த பிறகு "இனி ஆர் படிப்பிக்க வேணும், அதே எழுதித் தருமே" என்று கேட்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. தம்பி பல இரவுகள் தேடிய அந்தப் பெயரை அது இன்றைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும், தமிழில் கேட்டாலும் சொல்லும். ஆனால் காசைப் பதின்மத்தில் வைத்த கோட்டையும் அதே உறுதியான தொனியில்தான் எழுதித் தரும். முன்பு பதில் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இப்போது கிடைத்த பதில் சரியா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது முன்னைவிட இப்போதுதான் அவசியம்.

ஆகவே பெற்றோர் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்விகள். பிள்ளைக்கு வீட்டில் ஒரு மேசை இருக்கிறதா? காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அந்த மேசையிலிருந்து எழுப்பமாட்டோம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வீர்களா? கூடப் படிக்க இரண்டு பேராவது இருக்கிறார்களா? செய்கிற வேலையை வாசித்துப் பார்த்து இது பிழை என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா? இதற்கெல்லாம் ஓம் என்றால் துணிந்து விடுங்கள், ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை செய்த ஒன்றை ஊரில் யாராவது பாவிக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றால், கெம்பஸோ பி.ஐ.ரி.யோ என்.வி.கியூ.வோ, ஏதாவது ஒன்றில் பதியுங்கள். பிள்ளைக்கு மூளை போதாது என்று அதற்கு அர்த்தமில்லை. வீட்டில் நேரம் கிடைக்காது என்பதுதான் அர்த்தம்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். பத்திரிகை வாசிக்கிற மேசைகளை மதியம் வரை எங்களுக்குத் தருகிறார்கள். தம்பியும் நானும் இருப்போம், அந்தத் தங்கச்சி புதியவர்களுக்குப் பைதன் சொல்லிக் கொடுப்பா. ஒருவர் எழுதிய கோட்டை மற்றவர் உரத்து வாசித்துக் கேள்வி கேட்பதுதான் பிரதான வேலை. தொடங்கிய புதிதில் ஒரு தாய் வந்து, "இதில இடாப்பு ஒண்டு வையுங்கோ பிள்ளை" என்று கேட்டா. நாங்கள் யோசிக்காத விஷயம். வைத்தோம். பெயர், திகதி, வந்த நேரம், போன நேரம், அன்றைக்குப் படித்தது என்ன என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். தாய்மார் சிலர் வந்து அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வலையமைப்பு நன்றாகத் தெரிந்த ஒருவர் எங்களிடம் இல்லை. லப்டொப்பும் காணாது, இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்துச் சமாளிக்கிறோம். பரந்தன் பக்கம் இருக்கிறவர்கள், லீவில் ஊருக்கு வருகிற கெம்பஸ் பிள்ளைகள், ஒரு காலைப்பொழுது வந்து இருந்துவிட்டுப் போங்கள்.